பட்டியலும் மூட்டையும்

பிங்கா ஓயா பெருகும்போது அக்குறணைக் கடைத்தெருவில் முதலில் நனைவது சரக்கு. அதற்கடுத்து நனைவது காகிதம். சரக்கு போனால் அதற்குக் கணக்கு உண்டு. மிளகு எத்தனை மூட்டை, கராம்பு எத்தனை மூட்டை, ஏலம் எத்தனை கிலோ என்று மறுநாளே சொல்லிவிடுவார்கள். காகிதம் போனால் கணக்கெழுதுவார் எவருமிலர். அப்படியொரு வெள்ளத்தில் நனைந்து, பின்பு பரணில் உலர்ந்து, ஓரமெல்லாம் சேற்றுக் கறை படிந்த தமிழ்ச் சஞ்சிகைக் கட்டுகள் சில 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நம் கைக்கு வந்து சேர்ந்தன. தந்தவர் வாசனைத் திரவிய வியாபாரத்தில் ஐம்பது ஆண்டுகள் கழித்த முதியவர். இளமையில் தாம் வாங்கிப் படித்தவற்றை எடைக்குப் போட மனம் வராமல் வைத்திருந்தவர்.

“இத எப்படியாவது கம்ப்யூட்டருல ஏத்திப் போடுங்க சேர். இன்னொரு தண்ணிக்கு இது தாங்காது” என்றார் ஹாஜியார்.

நமக்கு அதைவிட நல்ல வேலை எது? ஞாயிற்றுக்கிழமைகளில் நம் வீட்டு மேல்மாடியில் ஆறு மாணவர்கள் கூடுவார்கள். தமிழ் மொழி மூலம் உயர்தரம் படிப்பவர்கள். பழைய கணினிகள் இரண்டு இருந்தன. கட்டணம் இல்லை, பாடத்திட்டமும் இல்லை. இந்தக் கட்டுகளைக் கண்டதும் பிள்ளைகளுக்கு ஓர் இலக்குக் கிடைத்தது. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ-9 வீதி அக்குறணையின் நடுவாகவே ஓடுகிறது. அந்த வீதி போய்ச் சேரும் ஊரில் 1981இல் ஒரு நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின என்பதைப் பிள்ளைகள் அறிவார்கள். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம முயற்சியால் எத்தனை ஈழத்து நூல்களை வீட்டிலிருந்தே படிக்க முடிகிறது என்பதையும் அறிவார்கள். அசன்பே சரித்திரத்தை 1885இல் வெளியிட்ட சித்திலெப்பை கண்டியைச் சேர்ந்தவர். அச்சுக் காகிதத்தின் அருமை இந்த மலைநாட்டுக்குப் புதிதல்ல.

படம் பிடித்து வைத்தால் போதாதா என்று கேட்பவர் உண்டு. படத்தில் தேட முடியாது. ஒரு பெயரைக் கொடுத்தால் அது வரும் பக்கங்களையெல்லாம் எடுத்துத் தர வேண்டுமானால், படத்திலுள்ள எழுத்தைக் கணினி எழுத்தாகவே வாசித்தறிய வேண்டும். அதற்கென்று இருப்பது டெசராக்ட் என்னும் மென்பொருள். 1985க்கும் 1994க்கும் இடையில் ஹியூலட்-பக்கார்ட் கம்பனியின் ஆய்வுகூடங்களில் உருவாகி, 2005இல் எவரும் எடுத்துத் திருத்திப் பயன்படுத்தலாம் என்று பொதுவுடைமையாக விடப்பட்டது. தமிழும் வாசிக்கும். ஆனால் சேற்றுக் கறையை அது எழுத்தென்று எண்ணிவிடுகிறது. ஆகவே பக்கத்தை முதலில் வெளுத்துக் கொடுக்க ஒரு சிறு செய்நிரலை நாமே ‘சி’ மொழியில் எழுதத் துணிந்தோம். அதற்கு லெப்டோனிக்கா என்ற இன்னொரு பொதுவுடைமை வேண்டும். படங்களைக் கையாளும் நூற்றுக்கணக்கான செயல்களை ஆயத்தமாக வைத்திருக்கும் தொகுதி அது. டெசராக்டும் அதன் தோளில் ஏறித்தான் நிற்கிறது. இத்தகைய தொகுதியை ‘லைப்ரரி’ என்பார்கள். நூலகம் என்று நாம் மொழிபெயர்த்தால் ஹாஜியாரின் சஞ்சிகைக் கட்டுகளோடு குழம்பிவிடும். லைப்ரரி என்றே இருக்கட்டும்.

இனி வருவது கணினி அறியாத வாசகருக்கும் விளங்க வேண்டும். விளங்காவிட்டால் குறை நம்முடையது.

பிறர் செய்த லைப்ரரி நமக்கு இரண்டு பகுதிகளாக வருகிறது. ஒன்று, வேலையைச் செய்யும் பகுதி. அது கணினிக்கு மட்டும் விளங்கும் இரும எண்களாகக் கட்டுண்டு கிடக்கும். மற்றது, உள்ளே என்னென்ன உண்டு, எதை எப்படிக் கேட்க வேண்டும், கேட்டால் என்ன திரும்பி வரும் என்று எழுதிய கோப்பு. இதற்கு ஹெடர் என்று பெயர். அக்குறணையில் இதை விளக்குவது எளிது. மூட்டையின் வாயில் கட்டிய பட்டியல்தான் ஹெடர்; மூட்டைக்குள் இருப்பது லைப்ரரி. தொகுப்பான் என்னும் கருவி நம் செய்நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும்போது பட்டியலை மாத்திரமே பார்க்கும், மூட்டையைத் திறப்பதில்லை. பின்னர் இணைப்பான் என்னும் வேறொரு கருவி மூட்டையைத் தேடிப் பிடித்து நம் செய்நிரலோடு பொருத்தும். அது பட்டியலைப் பார்ப்பதில்லை. பெயர் ஒத்திருந்தால் அதற்குப் போதும்.

பட்டியல் ஒரு கடையிலிருந்தும் மூட்டை வேறொரு கடையிலிருந்தும் வந்தால் என்ன ஆகும்? இந்தக் கேள்வியை நாம் அன்றைக்குக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவர் நாமே.

மார்ச் மாதத்து ஒரு ஞாயிறு. அந்த மாதத்தை இலங்கையில் இருந்தவர் எவரும் மறக்கமாட்டார். அச்சடிக்கக் காகிதமில்லை என்று மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் தள்ளிவைக்கப்பட்ட மாதம் அது. மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. மின்சாரம் இருக்கும் நேரத்துக்குள் வேலை முடிய வேண்டும். தொகுப்பான் ஓடியது, நின்றது. நாம் பயன்படுத்திய ஒரு மாறிலியின் பெயரைச் சுட்டி, அது அறிவிக்கப்படவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி காட்டியது. எழுத்துப் பிழையாயிருக்கும் என்று பார்த்தோம், பிழையில்லை. அன்று காலையிலேதான் உபுண்டு 20.04க்குரிய லெப்டோனிக்கா 1.79ஐ நிறுவியிருந்தோம். அதன் ஹெடரைத் திறந்து தேடினோம். அந்தப் பெயர் கண்ணெதிரே இருக்கிறது! தொகுப்பானோ இல்லை என்கிறது. மறுபடி ஓட்டினோம், மறுபடி இல்லை. மின்சாரமும் போயிற்று.

அடுத்த வாரமும் அதே கதை. அதற்கடுத்த வாரமும் அதுவே. செய்நிரலின் அந்தப் பகுதியை எழுதியவர் ஒரு மாணவி. முதல் வாரம் அவர் கேள்வி கேட்டார். இரண்டாம் வாரம் பேசவில்லை. மூன்றாம் வாரம் வந்து, “எனக்குத்தான் ஒண்டும் வெளங்கல்ல சேர். இங்கிலீசு மீடியம் பிள்ளைகளெண்டா இந்நேரம் முடிச்சிருப்பாங்க” என்றார்.

இந்த இடத்தில் வாசகரைச் சற்று நிறுத்துகிறோம். ‘அறிவிக்கப்படவில்லை’ என்று கணினி சொல்கிறது. யார் அறிவிக்கவில்லை? அந்த வாக்கியத்தில் எழுவாய் இல்லை. எழுவாய் இல்லாத குற்றச்சாட்டை, திரையின் முன் இருப்பவர் தம்மீதே ஏற்றிக்கொள்கிறார். அதுவும் ஆங்கிலத்தில் வரும்போது, ஏற்கெனவே ஆங்கிலத்துக்கு அஞ்சி வளர்ந்த பிள்ளை அதை ஒரு தீர்ப்பாகவே எடுத்துக்கொள்கிறது. உண்மையில் அந்தச் செய்தி கூறுவது மிகச் சிறிய விஷயம்: நான் படித்த பட்டியலில் இந்தப் பெயர் இல்லை. எந்தப் பட்டியலைப் படித்தாய் என்று நாம் திருப்பிக் கேட்காதவரை அது தானாகச் சொல்லாது. ஆசிரியர்களாகிய நாம் பிள்ளைகளுக்குப் பிழைச் செய்தியைப் படிக்கக் கற்றுக்கொடுக்கிறோம். அதைக் குறுக்கு விசாரணை செய்யக் கற்றுக்கொடுப்பதில்லை.

இதற்கிடையில் இன்னொரு மாணவர் ஒரு குறுக்கு வழி கண்டார். காணாத மாறிலிக்குத் தாமே ஓர் எண்ணைக் கொடுத்து எழுதிவிட்டார். தொகுப்பான் ஒத்துக்கொண்டது. இணைப்பானும் ஒத்துக்கொண்டது. மேல்மாடியில் ஒரே ஆரவாரம். ஓட்டினால், பக்கமும் வெளுக்கவில்லை, சொல்லும் வரவில்லை. ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ என்று இரண்டே சொற்களோடு செய்நிரல் விழுந்து இறந்தது.

இது ஏன் என்பது பின்னர் விளங்கிற்று. காணாமற்போனது மாறிலி மாத்திரமன்று; ஒரு சார்பும் பட்டியலில் இல்லை. அதற்குத் தொகுப்பான் பிழை சொல்லாமல் எச்சரிக்கை மட்டும் சொல்லி விட்டுவிட்டது. ஆரவாரத்தில் அந்த வரியை ஒருவரும் படிக்கவில்லை. பட்டியலில் இல்லாத சார்பை ‘சி’ மொழியில் அழைத்தால், அது ஒரு சாதாரண முழு எண்ணைத்தான் திருப்பித் தரும் என்று தொகுப்பான் தானாக எண்ணிக்கொள்ளும். உண்மையில் வந்ததோ நினைவகத்தின் ஒரு முகவரி. 64 பிட் நீளமுள்ள அந்த முகவரியில் 32 பிட்டை மாத்திரம் வாங்கிக்கொண்டு மற்றப் பாதியை எறிந்துவிட்டது. பாதி விலாசத்தோடு வீடு தேடிப் போனவன் கதிதான் செய்நிரலுக்கும். இப்படி ஊகித்துக்கொள்ளும் உரிமையை ‘சி’ மொழியின் 1999ஆம் ஆண்டுத் தரநிர்ணயமே நீக்கிவிட்டது. ஆயினும் பழைய செய்நிரல்கள் உடைந்துவிடும் என்று அஞ்சி ஜிசிசி தொகுப்பான் அதை எச்சரிக்கையாகவே வைத்திருந்து, 2024இல் வெளியான 14ஆம் பதிப்பில்தான் பிழையாக்கியது. இருபத்தைந்து ஆண்டுகள்! பிழை சொல்லி நிற்கும் கருவியைத் திட்டுகிறோம். சொல்லாமல் நம்மைக் கடத்திவிடும் கருவியே ஆபத்தானது.

நான்காவது வாரம், எல்லாரையும் விட இளையவரான மாணவர் கேட்ட ஒரு கேள்வியால் வழி திறந்தது. “சேர், நாங்க தெறந்து பார்த்த கோப்பத்தான் அதுவும் பாக்குதெண்டு எப்படித் தெரியும்?”

தெரியாது. கேட்டுப் பார்க்கலாம். ஜிசிசியின் கட்டளையோடு பெரிய ‘எச்’ என்ற ஓரெழுத்தைச் சேர்த்தால், தான் திறக்கும் ஒவ்வொரு ஹெடரின் முழு விலாசத்தையும் அது வரிவரியாகச் சொல்லும். சேர்த்தோம். திரை நிறைய விலாசங்கள் ஓடின. அவற்றில் லெப்டோனிக்காவின் ஹெடர் நாம் திறந்து பார்த்த கோப்புறையில் இல்லை. ‘லோக்கல்’ என்ற வேறொரு கோப்புறையில் இருந்தது. திறந்தோம். பதிப்பெண் 1.74. நாம் தேடிய இரு பெயர்களும் அதில் இல்லை. அவை பிறக்கும் முன்னரே எழுதப்பட்ட பட்டியல் அது.

அந்தப் பட்டியலை அங்கே வைத்தவர் யார்? பிள்ளைகள் அறியார். நாம் அறிவோம். 2018இல் டெசராக்டின் நான்காம் பதிப்பைச் சோதித்துப் பார்க்க ஆசைப்பட்டவர் நாமே. அன்று அந்தக் கணினியில் இருந்த உபுண்டு 16.04இல் லெப்டோனிக்கா 1.73தான் கிடைத்தது, டெசராக்டோ 1.74 இல்லாமல் அசையமாட்டேன் என்றது. ஆகவே 1.74ஐ மூலத்திலிருந்தே கட்டி ‘லோக்கல்’ கோப்புறையில் வைத்தோம். பின்னர் வட்டில் இடம் போதாமற்போன ஒரு நாள், பெரிய கோப்புகளையெல்லாம் கையால் அழித்தோம். லைப்ரரி போயிற்று. சிறிய ஹெடர் போகவில்லை. அதைவிடச் சிறியதொரு விலாசச் சீட்டும் போகவில்லை. இன்ன லைப்ரரி எங்கே என்று பி.கே.ஜி-கொன்ஃபிக் என்னும் தரகரிடம் கேட்டால், அவர் முதலில் ‘லோக்கலில்’ உள்ள சீட்டைத்தான் பார்ப்பார். சீட்டு 1.74 என்றது, பட்டியலும் அங்கே கிடைத்தது. மூட்டை மட்டும் அங்கே இல்லை. ஆகவே இணைப்பான் அடுத்த கடைக்குப் போய் 1.79ஐத் தூக்கி வந்தது. பட்டியல் 2018இன் பட்டியல், மூட்டை 2022இன் மூட்டை. நான்கு ஆண்டுகளுக்கு முன் நாம் செய்த அரைகுறைத் துப்புரவின் விலையை மூன்று வாரமாக ஒரு பிள்ளை கொடுத்திருக்கிறது.

இதைப் பிள்ளைகளிடம் சொல்வதா என்று ஒரு கணம் தயங்கினோம் என்பதையும் மறைக்கவில்லை. ஆசிரியத் தொழிலின் மிகப் பழைய நோய் அது. சொன்னோம். மாணவி சிரிக்கவில்லை. “அப்ப என்ட பிழை இல்லையா சேர்?” என்று ஒருமுறை கேட்டார், உறுதி செய்துகொள்ளப் பின்னும் ஒருமுறை கேட்டார். பிறகு தாமே விசைப்பலகையை இழுத்து, பழைய ஹெடரையும் விலாசச் சீட்டையும் அழித்து, முன்பு தொகுத்து வைத்திருந்த இடைக்கோப்புகளையும் அழித்து, முதலிலிருந்து தொகுத்தார். இடைக்கோப்புகளை அழிக்கும்படி நாம் சொல்லவில்லை. பழைய பட்டியலைப் பார்த்துச் செய்யப்பட்டவை இன்னும் கிடக்குமே என்று அவராகவே எண்ணிச் செய்தார். அந்த எண்ணம் நாம் நடத்திய எந்தப் பாடத்தையும்விடப் பெரிது.

இந்த வகைப் பிழை நம் மேல்மாடிக்கு மாத்திரம் உரியதன்று. எழுத்துருவைத் திரையில் வரையும் ஃப்ரீடைப் என்ற லைப்ரரி, தன் ஹெடர்களின் இருப்பிடத்தை 2013இல் மாற்றி, அதனால் வேறு குழப்பம் விளையவே 2015இல் பின்னும் மாற்றியமைத்தது. விலாசத்தை மனப்பாடமாக எழுதிவைத்திருந்த செய்நிரல்கள் இரண்டு முறையும் நின்றன. இணையப் பரிமாற்றங்களை மறையாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் 2016இல் 1.1.0 பதிப்பை வெளியிட்டபோது, தன் உள்ளமைப்புகளைப் பட்டியலிலிருந்தே மறைத்துவிட்டது. அதுவரை உள்ளே கைவிட்டு எடுத்துப் பழகியிருந்த எண்ணற்ற செய்நிரல்கள் தொகுபடாமல் கிடந்தன. அவற்றை எழுதியோர் சினந்தனர். நாமும் ஒருகாலத்தில் சினந்தவர்களே. ஆனால் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2014 ஏப்ரலில், அதே ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ‘ஹார்ட்பிளீட்’ என்ற ஓட்டை வெளிப்பட்டபோது உலகம் அறிந்துகொண்டது என்ன? உலகின் வங்கிகளும் அரசாங்கங்களும் பெருங்கம்பனிகளும் சாய்ந்திருந்த அந்தத் தூணுக்கு ஆண்டொன்றுக்குக் கிடைத்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டொலர். முழுநேரமாக அதில் உழைத்தவர் ஒருவர். அந்த அவமானத்துக்குப் பிறகுதான் பணமும் ஆட்களும் வந்தன. வீட்டைத் திருத்தத் தொடங்கினார்கள். திருத்தும் வீட்டில் கதவு இடம் மாறத்தான் செய்யும். மாறிய கதவில் முட்டிக்கொண்டவன், கட்டியவனைத் திட்டுமுன், அவனுக்கு இதுவரை கூலி கொடுத்தவர் யார் என்றும் கேட்க வேண்டாமா?

கூலியில்லாமலே நேர்மையாகச் செய்தவர்களும் உண்டு. ஷான்-லூ கையி, மார்க் அட்லர் என்னும் இருவர் 1995இல் உலகுக்கு அளித்த ஸீலிப் என்ற சுருக்கும் லைப்ரரியில் ஒரு சிறு ஏற்பாடு இருக்கிறது. அதைத் தொடக்கும் அழைப்பு, நாம் எழுதாமலே, பட்டியலின் பதிப்பெண்ணையும் அந்தப் பட்டியலின்படி ஓர் அமைப்பு எத்தனை பைட் நீளம் என்பதையும் மூட்டைக்குள் எடுத்துச் செல்கிறது. பதிப்பெண்ணின் முதல் எழுத்தோ நீளமோ ஒவ்வாவிட்டால் லைப்ரரி வேலையைத் தொடங்காது. பதிப்புப் பிழை என்று பெயர் சொல்லித் திருப்பி அனுப்பிவிடும். தராசில் வைக்குமுன் பட்டியலைக் கேட்கும் வியாபாரியின் ஒழுக்கம் இது. சில வரிகள்தாம். அந்தச் சில வரிகளை எழுதியவர்கள் எங்கோ ஒரு மேல்மாடியில் முகம் தெரியாத ஒரு பிள்ளை தன்னையே நொந்துகொள்ளும் நேரத்தை நினைத்து எழுதினார்களோ இல்லையோ, பயன் அதுதான். மறுவாரம் அந்த மூலத்தை எடுத்துப் பிள்ளைகளோடு படித்தோம். பூட்டிய பெட்டியாக விற்கப்படும் மென்பொருளில் இப்படிப் படித்திருக்க இயலுமா? எந்த ஹெடர் என்று கேட்கவும், திறந்து பார்க்கவும், பிழை எவருடையது என்று காட்டவும் முடிந்தது, மூலம் பொதுவில் கிடந்ததால் அல்லவா?

செய்நிரல் ஏப்ரலில் ஓடியது. கறை முழுவதும் போகவில்லை. டெசராக்ட் தன் பங்குக்குச் சிரமம் கொடுத்தது. பழைய அச்சில் ‘ணை’யும் ‘லை’யும் துதிக்கை தூக்கி நிற்கும், ‘றா’வும் ‘னா’வும் சுழித்து ஒட்டியிருக்கும். நம் மாணவர் சிலரே அவற்றை முதன்முறையாக அப்போதுதான் கண்டார்கள். இயந்திரம் தடுமாறியதில் வியப்பில்லை. ஒவ்வொரு பக்கத்தையும் ஒருவர் வாசிக்க ஒருவர் திருத்தினார்கள். மின்சாரமில்லாத நேரத்தில் மூலப் பக்கத்தை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் படித்துக் கையால் பிழைப் பட்டியல் எழுதினார்கள். அந்த வாசிப்பில் அவர்களுக்குள் நடந்த விவாதங்களை வேறொரு கட்டுரையில்தான் எழுத வேண்டும்.

முதற்கட்டு முடிந்ததும் ஹாஜியாரை அழைத்தோம். படியேறி வந்து, மூச்சு வாங்கி, திரையின் முன் உட்கார்ந்தார். மாணவி ஒரு சொல்லைத் தேடிக் காட்டினார். அது வந்த பக்கங்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. ஹாஜியார் தலையை ஆட்டினார். அதிகம் வியந்ததாகத் தெரியவில்லை.

“எத்தனை பக்கம் ஏத்தியிருக்கு?” என்று கேட்டார்.

மாணவி எண்ணிக்கையைச் சொன்னார். ஹாஜியார் கட்டைத் தம் பக்கம் இழுத்து, விரலில் எச்சில் தொட்டு, ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார். அரை மணி நேரம் ஒருவரும் பேசவில்லை. எண்ணி முடித்துத் திரையைப் பார்த்தார். மறுபடி கட்டைப் பார்த்தார்.

“நாலு பக்கம் கொறையுது மகள்” என்றார்.

ஒட்டிக்கொண்டிருந்த அந்த நான்கு பக்கங்களையும் ஆவி காட்டிப் பிரித்தெடுக்க மாணவி கேத்தலில் தண்ணீர் வைத்தார்.